கதையின் கடனும் காண்போர் தீர்ப்பும்

கதை கேட்பது மனிதனின் மிகப் பழைய இன்பங்களுள் ஒன்று. எனினும், எல்லாக் கதைகளும் கேட்போனோடு ஒரே வகையான உறவு கொள்வதில்லை. காவியத்தைக் கேட்பவன் முடிவை முன்னரே அறிந்திருந்தும் கேட்கிறான். இராமன் மீள்வான் என்பது தெரிந்திருந்தும் அவன் காடேகும் கட்டத்திலே கண்ணீர் விடுகிறான். துப்பறியும் கதை அத்தகையதன்று. அது தொடங்கும்போதே வாசகனிடத்திற் கடன் வாங்கிக்கொள்கிறது. 'இப்பொழுது உன் பொறுமையைக் கொடு. முடிவிலே விளக்கம் தருகிறேன்' என்பதே அக்கடனின் உடன்படிக்கை. விளக்கம் அறிவுக்கு ஒத்ததாயின் கடன் தீர்ந்தது. விளக்கம் வராவிடினும், வந்தும் அறிவுக்கு ஒவ்வாவிடினும், வாசகன் தான் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுகிறான். வேறெந்தக் கதைக்கும் இல்லாத இந்தப் பொறுப்பு துப்பறியும் கதைக்கு உண்டு.

இந்தக் கடனைப் பற்றிய வழக்கொன்று அண்மைக் காலத்திலே பல நாடுகளில் நடைபெற்றது. நீதிமன்றம் ஏறாத வழக்கு அது. வழக்குத் தொடுத்தவர்கள் தொலைக்காட்சி பார்ப்போர். பதிலிறுக்க வேண்டியிருந்தவர்கள் ஸ்டீவன் மொபற், மார்க் கேற்றிஸ் என்னும் இரு நாடகாசிரியர்கள். ஆர்தர் கொனன் டொயில் படைத்த ஷெர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரை இருபத்தோராம் நூற்றாண்டின் இலண்டனிலே குடியேற்றி, 'ஷெர்லொக்' என்ற பெயரோடு இவர்கள் உருவாக்கிய நாடகத்தொடர், 2010 ஆம் ஆண்டு முதல் 2017 ஆம் ஆண்டு வரை பி.பி.சி. தொலைக்காட்சியிற் பதின்மூன்று பகுதிகளாக ஒளிபரப்பப்பட்டது. அதனைக் கண்டோர் முதலில் வியந்தனர், பின்னர் விவாதித்தனர், ஈற்றிலே பலர் சினந்தனர். இம்மூன்று நிலைகளுக்கும் காரணம் யாது என்று ஆராய்வது, பழைய இலக்கியத்தைப் புதிய காலத்திற்குக் கொண்டுவர விரும்பும் எவருக்கும் பயனுடையதாகும்.

முதலில் மூலக் கதையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். கொனன் டொயில் 1859 ஆம் ஆண்டு எடின்பரோ நகரிற் பிறந்தவர், மருத்துவம் கற்றவர். நோயாளி வாய் திறக்குமுன்னரே அவனுடைய தொழிலையும் பழக்கத்தையும் தோற்றத்தைக் கொண்டே கூறவல்ல ஜோசப் பெல் என்னும் பேராசிரியரிடம் பயின்றவர். அந்த ஆசிரியரின் கூர்மையே ஹோம்ஸுக்கு வித்தாயிற்று. 1887 ஆம் ஆண்டு முதல் நாவல் வெளிவந்தபோது உலகம் அதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1891 ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையிற் சிறுகதைகள் வெளிவரத் தொடங்கிய பின்னரே ஹோம்ஸின் புகழ் நாடெங்கும் பரவியது. அந்த முதற் சிறுகதையிலே, ஹோம்ஸ் தீர்த்து வைத்த வழக்குகளைக் குறிப்பிடும் டொக்டர் வொட்சன், திருகோணமலையில் அற்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த துயரத்தையும் ஒரு வரியிற் சொல்லிச் செல்கிறார். அக்கதை எழுதப்படவேயில்லை. இலங்கை வாசகர் இன்றும் அந்த வரியிற் சற்று நின்று செல்வது இயல்பே.

இரண்டே ஆண்டுகளில் ஆசிரியருக்குத் தம் பாத்திரத்தின்மீது சலிப்பு உண்டாயிற்று. வரலாற்று நாவல்களே தமக்கு நிலையான பெயரைத் தரும் என்று அவர் நம்பினார். ஹோம்ஸ் அதற்குத் தடையென்று கருதினார். அவருடைய தாயார் தடுத்தும், 1893 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, சுவிற்சர்லாந்தின் றைக்கன்பாக் நீர்வீழ்ச்சியில், மொறியாற்றி என்னும் பெரும் பகைவனோடு கட்டிப் புரண்டு ஹோம்ஸ் மறைந்தார் என்று எழுதி முடித்தார். இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட வாசகர்கள் சஞ்சிகையின் சந்தாவை நிறுத்தினர் என்று கூறப்படுகிறது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கற்பனை மனிதன் ஒருவனின் மரணத்துக்காக உண்மை மனிதர்கள் ஆசிரியர்மீது கோபங்கொண்டனர். 1901 ஆம் ஆண்டு, ஹோம்ஸின் மறைவுக்கு முந்திய சம்பவம் என்ற பெயரிற் பாஸ்கர்வில் வேட்டை நாயின் கதை தொடங்கியது. 1903 இல் ஹோம்ஸ் உயிரோடு மீண்டார். ஈற்றுக் கதை 1927 இல் வெளிவந்தபோது நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளுமாக அறுபது கதைகள் நிறைவெய்தியிருந்தன.

மீண்டு வந்த ஹோம்ஸைப் பற்றிப் படகோட்டி ஒருவர் சொன்ன கருத்தைக் கொனன் டொயில் தாமே பதிவு செய்திருக்கிறார். மலையிலிருந்து விழுந்தபோது ஹோம்ஸ் இறந்துபோகாமல் இருந்திருக்கலாம். ஆயினும் அதற்குப் பின்னர் அவர் பழைய மனிதராக இல்லை என்பதே அப்படகோட்டியின் கருத்து. ஆசிரியர் அதனைக் கேட்டுச் சினக்கவில்லை. சிரித்துக்கொண்டு பிறருக்கும் சொன்னார். எளிய வாசகன் ஒருவன் கூறிய இத்தீர்ப்பு நூறாண்டுக்குப் பின்னர் மீண்டும் ஒலிக்கப்போகிறது என்பதை அன்று எவரும் அறிந்திரார்.

ஹோம்ஸைப் புதிய காலத்திற்கு மாற்றியமை இதுவே முதன்முறை என்று கருதுதல் பொருந்தாது. 1899 ஆம் ஆண்டு வில்லியம் ஜில்லெற் என்னும் அமெரிக்க நடிகர் ஹோம்ஸை மேடையேற்றினார். நாடகத்தில் ஹோம்ஸுக்குத் திருமணம் செய்துவைக்கலாமா என்று அவர் கேட்டபோது, மணம் முடித்தாலும் சரி, கொன்றாலும் சரி, விரும்பியபடி செய்க என்னும் கருத்துப்பட ஆசிரியர் பதிலனுப்பினார். 1939 ஆம் ஆண்டு பசில் றத்போன் நடித்த முதலிரு திரைப்படங்களும் பழைய இலண்டனையே காட்டின. 1942 இல் வெளிவந்த படம் முதலாக, அதே நடிகர் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே நாற்சி ஒற்றர்களைத் துரத்தினார். பின்னர் 1984 முதல் 1994 வரை ஜெரமி பிறெற் நடித்த தொலைக்காட்சித் தொடரோ மூலத்தின் காலத்தையும் உடையையும் உரையாடலையும் இயன்றவரை பேணிற்று. ஆகவே, பேணுதல், மாற்றுதல் என்னும் இரு வழிகளும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன.

மொபற்றும் கேற்றிஸும் வேறொரு தொடருக்காக இலண்டனுக்கும் காடிவ் நகருக்குமிடையே புகையிரதத்திற் பயணஞ்செய்த நாட்களில் இந்த எண்ணத்தை வளர்த்தனர். றத்போனின் போர்க்காலப் படங்களிலே இருவருக்கும் இருந்த பற்று அதற்கு ஊக்கமளித்தது. ஒரு மணி நேர மாதிரிப் பகுதி ஒன்று படமாக்கப்பட்டது. அது ஒளிபரப்பாகாமலே விடப்பட்டு, தொண்ணூறு நிமிடப் பகுதிகள் மூன்று புதிதாக உருவாக்கப்பட்டன. 2010 ஆம் ஆண்டு யூலை மாதம் 25 ஆந் திகதி முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. பெனடிக்ற் கம்பர்பாச் ஹோம்ஸாகவும் மாட்டின் பிறீமன் வொட்சனாகவும் தோன்றினர். அன்றிரவு ஏறத்தாழ எழுபத்தைந்து இலட்சம் பேர் அதனைப் பார்த்தனர். கோடைகாலத்து ஞாயிறு இரவொன்றுக்கு அது பெருந்தொகையாகும்.

பார்த்தவர்களை முதலிற் கவர்ந்தது எது? மாற்றங்களுக்கு உள்ளே தெரிந்த மாறாமையே அது. கொனன் டொயிலின் வொட்சன் 1880 ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானத்திலே மைவந்த் போரிற் காயமடைந்து இலண்டனுக்கு மீண்ட இராணுவ மருத்துவர். நூற்றுமுப்பது ஆண்டுகளின் பின்னரும் அதே நாட்டிலே ஆங்கிலப் படை போரிட்டுக்கொண்டிருந்தமையால், புதிய வொட்சனும் அதே நாட்டிலிருந்து அதே காயத்தோடு திரும்புகிறார். வரலாறு திரும்பி வந்ததன் துயரத்தை எந்த வசனமுமின்றிக் காண்போர் உணர்ந்தனர். மேலும், மூலத்தின் முதற் கதையில் வொட்சனின் காயம் தோளிலும், அடுத்த கதையிற் காலிலும் இருப்பதாக எழுதப்பட்டுள்ளது. இது கொனன் டொயிலின் மறதி. புதிய நாடகத்திலோ காயம் தோளில். காலின் நொண்டல் மனத்தில் எழுந்த நோய். பழைய பிழையொன்று புதிய பாத்திரத்தின் உளவியலாக மலர்ந்ததைக் கண்டு மூலத்தை நன்கறிந்தோர் மகிழ்ந்தனர்.

ஹோம்ஸ் அன்று தந்தி அனுப்பினார்; இன்று கைத்தொலைபேசியிற் குறுந்தகவல் அனுப்புகிறார். அந்தச் சொற்கள் நடிகரின் முகத்தருகே திரையில் மிதந்தன. இம்முறையைப் பின்வந்த பலரும் கைக்கொண்டனர். வொட்சன் அன்று சஞ்சிகையில் எழுதினார். இன்று இணையத்தில் நாட்குறிப்பு எழுதுகிறார். மூன்று சுங்கான் புகையிலை எரியும் நேரம் சிந்திக்க வேண்டிய சிக்கல், நிக்கொட்டீன் ஒட்டுத்துண்டுகள் மூன்றினைக் கையில் ஒட்டிக்கொண்டு சிந்திக்க வேண்டிய சிக்கலாயிற்று. புகைத்தல் தடைசெய்யப்பட்ட நகரில் ஹோம்ஸ் வேறென்ன செய்வார்?

இவற்றினும் நுட்பமானது கடிகாரம் கைத்தொலைபேசியாகிய இடம். 'நால்வர் அடையாளம்' என்னும் நாவலிலே, வொட்சன் கொடுத்த பழைய கடிகாரத்தின் சாவித் துளையைச் சுற்றியிருந்த கீறல்களைக் கண்டு, அதற்கு உரியவனாயிருந்த தமையன் குடிகாரன் என்று ஹோம்ஸ் துணிகிறார். புதிய நாடகத்திலே கைத்தொலைபேசியின் மின்னேற்றுத் துளையைச் சுற்றிய கீறல்கள் அதே முடிவைத் தருகின்றன. ஆனால், ஹரி என்ற பெயருக்குரியவர் தமையன் அல்லர், சகோதரி என்பதை வொட்சன் பின்னர் வெளியிடுகிறார். அதுபோலவே, முதல் நாவலிற் பிணத்தருகே எழுதப்பட்டிருந்த 'றாக்கெ' என்ற எழுத்துகளைப் பொலிஸார் றேச்சல் என்ற பெண்ணின் பெயர் எனக் கொள்ள, பழிவாங்கல் என்னும் ஜெர்மன் சொல் அது என ஹோம்ஸ் திருத்துவார். நாடகத்தில் நிபுணர் ஒருவர் ஜெர்மன் சொல் என்று கூற, ஹோம்ஸ் அதனை ஒதுக்கிவிட்டு றேச்சல் என்கிறார். மூலத்தை அறியாதவர்க்கு இது விறுவிறுப்பான கட்டம். அறிந்தவர்க்கோ தமக்கென்றே சொல்லப்பட்ட இரகசியம். இரு சாராரையும் ஒரே காட்சி திருப்திப்படுத்திற்று.

எனினும், அந்தத் தொடக்க காலத்திலேயே மறுப்புக் குரல்களும் எழுந்தன. 2010 ஓகஸ்ட் மாதம் ஒளிபரப்பான இரண்டாம் பகுதி, சீனக் கடத்தற் கும்பலொன்றைப் பற்றியது. கீழைநாட்டவரை மர்மமும் கொடூரமும் நிறைந்தவராகக் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கத்தை அப்படியே விட்டுவைத்தனர் என்று விமரிசகர் சிலர் கண்டித்தனர். கருவிகளையெல்லாம் புதுப்பித்தவர்கள் அந்தப் பழைய பார்வையைப் புதுப்பிக்க மறந்தது ஏன் என்ற அவர்களுடைய வினா நியாயமானதே.

2012 ஆம் ஆண்டு முதல் நாள் ஒளிபரப்பான பகுதி மற்றொரு விவாதத்தை எழுப்பியது. மூலக் கதையில் ஐரீன் அட்லர் என்ற பெண் ஹோம்ஸைத் தன் அறிவினால் வென்று, தன் வழியே செல்கிறாள். அவளிடம் தோற்றதை ஹோம்ஸ் மதிப்போடு நினைவுகூருகிறார். நாடகத்திலோ அவள் ஹோம்ஸை முதலில் வென்றாலும், தன் உள்ளத்தை மறைக்க இயலாமையாற் பின்னர் தோற்று, ஈற்றில் அவராலேயே உயிர்காக்கப்படுகிறாள். 1891 ஆம் ஆண்டின் ஆண் எழுத்தாளர் ஒருவர் பெண்ணுக்கு அளித்த வெற்றியை 2012 ஆம் ஆண்டின் எழுத்தாளர் பறித்துக்கொண்டார் என்று பலர் எழுதினர். மொபற் இக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனால், புதுமை என்பது நாட்காட்டியைப் பொறுத்ததன்று என்பதை அந்த விவாதம் காட்டிற்று.

அதே மாதம் 15 ஆந் திகதி ஒளிபரப்பான பகுதியே காண்போரின் நிலையை முற்றாக மாற்றியது. நீர்வீழ்ச்சிக்குப் பதிலாக இலண்டனின் சென் பார்த்தலோமியூ வைத்தியசாலைக் கூரை. வொட்சன் கண்ணெதிரே ஹோம்ஸ் கீழே விழுகிறார், இறக்கிறார், புதைக்கப்படுகிறார். கடைசிக் காட்சியில் அவர் உயிரோடு கல்லறை அருகே நின்று பார்க்கிறார். தப்பியது எப்படி? விடையில்லாமலே தொடர் நின்றது. காண்போர் யாவரும் தவறவிட்ட தடயமொன்று உண்டென்று மொபற் கூறியதும் ஆவல் இருமடங்காயிற்று.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மக்கள் அந்த வினாவோடு வாழ்ந்தனர். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தனர். குப்பை வண்டி நின்ற இடம், துவிச்சக்கர வண்டியில் வந்தவன் வொட்சனை மோதிய நேரம், கையிலே இறப்பர்ப் பந்தை வைத்து விளையாடிய காட்சி ஆகியவற்றை ஆராய்ந்தனர். வைத்தியசாலையருகே இருந்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டிலே, ஹோம்ஸை நம்புகிறோம் என்று எழுதிய சிறு கடதாசிகளை ஒட்டினர். 1893 ஆம் ஆண்டின் வாசகர் துக்கங்காத்தனர். 2012 ஆம் ஆண்டின் காண்போர் துப்பறிந்தனர். சீனாவிலும் இத்தொடருக்குப் பெருங்கூட்டம் சேர்ந்தது. அங்குள்ளோர் ஹோம்ஸைச் 'சுருள்முடி ஃபூ' என்றும், வொட்சனைத் தம் மொழியில் ஒலியொத்த சொல்லால் 'நிலக்கடலை' என்றும் செல்லமாக அழைத்தனர். 2013 டிசெம்பரிற் பிரித்தானியப் பிரதம மந்திரி டேவிட் கமரன் சீனாவுக்குச் சென்றபோது, அடுத்த பகுதிகளை விரைவாகத் தருமாறு சீன மக்கள் பலர் இணையத்தில் அவரிடமே கேட்டனர். கதைக்கு வந்த கடன் எவ்வளவு பெருகிவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

2014 ஆம் ஆண்டு முதல் நாள் அக்கடனைத் தீர்க்கும் நாளாயிற்று. ஒளிபரப்பான இரவின் கணக்கின்படி தொண்ணூற்றிரண்டு இலட்சம் பேர் பிரித்தானியாவிற் காத்திருந்தனர். நாடகம் ஒன்றல்ல, மூன்று விளக்கங்களைக் காட்டியது. முதலிரண்டும் ஹோம்ஸின் பற்றாளர்களாகிய பாத்திரங்களின் கற்பனை. மூன்றாவதை ஹோம்ஸே சொல்கிறார். ஆனால், அதைக் கேட்பவன் குறை கூறுகிறான். உண்மைதானா என்ற ஐயமும் தொங்கவிடப்படுகிறது. காண்போர் இரு பிரிவாயினர். தம்மையே கதைக்குள் கொண்டுவந்து, தம் ஊகங்களோடு விளையாடியதை ஒரு சாரார் நட்பின் அடையாளமாகக் கொண்டனர். மற்றச் சாராரோ, கடன் கேட்டு வந்தவனைப் பார்த்துச் சிரிப்பது கடனைத் தீர்ப்பதாகுமா என்று கேட்டனர்.

இவ்விடத்திலே மூலத்தை நோக்குவது நல்லது. கொனன் டொயில் தந்த விளக்கமும் அத்துணை வலிமையானதன்று. ஹோம்ஸ் விழவேயில்லை, மற்போர்ப் பயிற்சியினால் மொறியாற்றியின் பிடியிலிருந்து நழுவினார் என்பதே அது. ஆனால், அவர் அதனை நேராகச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்குச் சென்றார். சிறிய விளக்கமாயினும் முழுமனத்தோடு கொடுக்கப்பட்டால் வாசகன் ஏற்றுக்கொள்கிறான்.

அதே மாதம் ஒளிபரப்பான மூன்றாம் பகுதியில் வேறொரு வினா எழுந்தது. மிரட்டிப் பணம் பறிக்கும் மில்வர்ட்டன் என்பவனின் கதை மூலத்தில் உண்டு. அங்கே அவனால் வாழ்விழந்த பெண்ணொருத்தி அவனைச் சுடுகிறாள். மறைந்திருந்த ஹோம்ஸ் அதனைத் தடுக்காமல் நின்று, அவன் சேர்த்துவைத்த கடிதங்களைத் தீயிலிடுகிறார். நாடகத்தில் ஹோம்ஸே அவனைச் சுட்டுக் கொல்கிறார். அந்தப் பகுதி அமெரிக்காவின் எமி விருதுகளை எழுத்துக்கும், இரு நடிகர்களுக்கும் பெற்றுத் தந்தது. எனினும், அறிவினால் வெல்ல வேண்டியவர் துப்பாக்கியால் வென்றால் அவர் துப்பறிவாளராவது எங்ஙனம் என்று காண்போர் பலர் கேட்டனர். மூலத்தின் ஹோம்ஸ் செய்ததும் சட்டத்துக்கு உட்பட்டதன்று. ஆயினும் அவர் தம் தோல்வியை அறிந்து ஒதுங்கி நின்றார். இரண்டுக்குமிடையே உள்ள தூரம் பெரிது.

2017 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நான்காம் தொகுதி வந்தது. ஆறு நெப்போலியன் சிலைகளைப் பற்றிய கதை ஆறு தட்சர் சிலைகளைப் பற்றியதாயிற்று. பழைய கதையிற் சிலைக்குள்ளே கருமுத்து இருக்கும். அதையே எதிர்பார்த்துச் சிலையை உடைத்த புதிய ஹோம்ஸுக்குக் கிடைப்பதோ இரகசியங்கள் அடங்கிய சிறு கணினிக் கருவி. மூலமறிந்தோர் இதனை இரசித்தனர். ஆனால், அதைத் தொடர்ந்து வந்த சண்டைகளும் ஒற்றர் கதையும், ஹோம்ஸை ஜேம்ஸ் பொண்டாக மாற்றிவிட்டன என்று ஆங்கிலப் பத்திரிகையொன்றில் விமரிசகர் ஒருவர் எழுதினார். கேற்றிஸ் அதற்குச் செய்யுள் வடிவிலே பதிலெழுதினார். இதற்கும் முன்னோடி உண்டு. 1912 ஆம் ஆண்டு, முன்னோடித் துப்பறியும் எழுத்தாளர்களை ஹோம்ஸ் இகழ்ந்ததற்காகக் கொனன் டொயிலைக் கவிஞரொருவர் செய்யுளிலே கடிந்தார். பாத்திரத்தின் வாய்மொழியை ஆசிரியரின் கருத்தாகக் கொள்ளலாகாது என்று கொனன் டொயில் செய்யுளிலேயே பதிலிறுத்தார்.

ஜனவரி 15 ஆந் திகதி ஈற்றுப் பகுதி ஒளிபரப்பாக இருந்தது. முதல் நாளே அதன் ரஷ்ய மொழிப் பிரதி இணையத்திற் கசிந்தது. பார்க்க வேண்டாம், பிறருக்குச் சொல்லவும் வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் மன்றாட வேண்டியதாயிற்று. அப்பகுதியில், ஹோம்ஸ் அறிந்திராத சகோதரியொருத்தி தீவுச் சிறையில் இருந்துகொண்டே எல்லோரையும் ஆட்டிவைக்கிறாள். வீட்டினுள் வெடிகுண்டு வெடிக்கிறது. சாளரத்தின் வழியே பாய்ந்த ஹோம்ஸும் வொட்சனும் அடுத்த காட்சியிற் காயமின்றித் தோன்றுகின்றனர். எப்படித் தப்பினர் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. ஒரு வீழ்ச்சிக்கு விளக்கந்தேடி இரண்டாண்டு காத்திருந்த மக்களுக்கு, இந்தப் பாய்ச்சல் விளக்கமேயின்றி முடிந்தது. அன்றிரவின் கணக்கு ஐம்பத்தொன்பது இலட்சமாகக் குறைந்தது.

அதன்பின் நிகழ்ந்தது விசித்திரமானது. இவ்வளவு தளர்ந்த முடிவை இத்துணைத் திறமையானவர்கள் எழுதியிருக்கமாட்டார்கள். இது வேண்டுமென்றே செய்த பொய் முடிவு. உண்மையான முடிவு அடுத்த ஞாயிறு மறைவாக ஒளிபரப்பாகும் என்று பற்றாளர் சிலர் உறுதியாக நம்பினர். அடுத்த ஞாயிறு வந்தது. முற்றிலும் வேறான நாடகமொன்றே ஒளிபரப்பாயிற்று. இவர்களைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால், ஒவ்வொரு சிறு பொருளும் தடயமே என்று ஏழு ஆண்டுகள் அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? கற்ற பாடத்தை மாணாக்கர் ஆசிரியர்மீதே பயன்படுத்தினர், அவ்வளவுதான்.

இனி இவ்வழக்கினைத் தொகுத்து நோக்கலாம். கதை யாருடையது? எழுதியவனுடையதா, மாற்றி எழுதியவனுடையதா, காண்போனுடையதா? பேக்கர் தெருவில் ஹோம்ஸின் இலக்கத்தை உள்ளடக்கிய கட்டடத்திலே 1932 ஆம் ஆண்டு முதல் இயங்கிய நிதிநிறுவனமொன்று, அவர் பெயருக்கு வந்த கடிதங்களுக்குப் பதிலெழுதுவதற்கென்றே ஒரு செயலாளரை வைத்திருந்தது. அவ்வளவு தூரம் ஒரு பாத்திரம் மக்களுடையதாகிவிட்ட பின்னர், உரிமை எவரேனும் ஒருவருக்கே உண்டென்று சொல்லுதல் கடினம். கொனன் டொயிலும் உரிமையை இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதை ஜில்லெற்றுக்கு அவர் அனுப்பிய பதில் காட்டுகிறது.

உரிமையைப் பற்றிய வினாவைவிட முறையைப் பற்றிய வினாவே பயனுடையது. தமிழிலக்கண மரபு இதற்கு அளவுகோல் ஒன்றைத் தந்துள்ளது. முதனூலின் முடிவோடு பொருந்தி நின்று, பின்வந்தவன் வேண்டும் வேறுபாடுகளையும் கூறி, மரபு அழியாமற் செல்வதே வழிநூல் என்பது நன்னூலார் கொள்கை. வேறுபாடு கூடாதென்று அவர் சொல்லவில்லை. மரபு அழியலாகாது என்றே சொன்னார். துப்பறியும் கதையின் மரபு யாது? சுங்கானும் தொப்பியும் குதிரைவண்டியும் அல்ல. சிறு தடயங்களிலிருந்து உண்மையை அறிவினால் அடையலாம் என்ற நம்பிக்கையே அம்மரபு.

இந்த அளவுகோலைக் காண்போர் தாமே கண்டுபிடித்தனர் என்பதுதான் வியப்பு. தந்தி குறுந்தகவலானதை ஏற்றனர். தமையன் சகோதரியானதைக் கொண்டாடினர். அதே காலத்தில், 2012 முதல் 2019 வரை, நியூயோர்க் நகரில் வாழும் ஹோம்ஸையும், பெண்ணாகிய வொட்சனையும் காட்டிய வேறொரு அமெரிக்கத் தொடரையும் நூற்றைம்பத்துநான்கு பகுதிகள் வரை பார்த்தனர். காலத்தை மாற்றியதற்காகவோ, ஊரை மாற்றியதற்காகவோ அவர்கள் பெரும்பாலும் வழக்குத் தொடுக்கவில்லை. வழக்கை விட்டு வழக்காடுபவரே கதையாகியபோதும், விளக்கம் வரவேண்டிய இடத்தில் வெடியோசை வந்தபோதுமே அவர்கள் எழுந்து நின்றனர். காலக் கணக்கு மாறியதை மன்னித்தவர்கள், கடன் கணக்கு மாறியதை மன்னிக்கவில்லை.

எனினும், காண்போரின் தீர்ப்பும் எப்போதும் நடுநிலையானதன்று. தம் ஊகமே உண்மையாக வேண்டும் என்று பிடிவாதங்கொண்டவர்களும், தமக்கு ஒவ்வாத முடிவை எழுதியவர்களை வசைபாடியவர்களும் அவர்களிடையே இருந்தனர். ஏமாற்றமடைதல் வேறு, ஏசுதல் வேறு. 'பழைய மனிதராக இல்லை' என்று சொன்ன அந்தப் படகோட்டி, நூலை விரும்பிப் படித்தான், குறையைக் கண்டான், ஆசிரியரின் முகத்துக்கு நேரே மரியாதையோடு அதனைச் சொன்னான். ஆசிரியரும் கேட்டுக்கொண்டார். எழுதுவோர்க்கும் காண்போர்க்கும் இடையே இருக்க வேண்டிய உறவு அதுவே.

பழைய கதைகளைப் புதிய ஆடையில் தருவோர் இன்னும் பலர் வருவர். கம்பியில்லாத் தந்தியும் கணினியும் போய் வேறு கருவிகள் வந்தாலும், பேக்கர் தெருவின் பதினேழு படிகளை ஏறிச் சென்று உதவி கேட்போர் இருந்துகொண்டேயிருப்பர். அவர்கள் ஏறிச் செல்வது விந்தை காண்பதற்கன்று; விளக்கம் கேட்பதற்கு. அதனைக் கொடுக்க வல்ல துப்பறிவாளர் எந்த உடையில் வந்தாலும் மக்கள் அவரை அடையாளங் கண்டுகொள்வர்.